பதினெட்டாம் தேதி கீழே வந்த நாற்காலிகள்

இது கதை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. வயது ஐம்பத்தொன்று. சாராயம் தொடமாட்டேன். இன்றைக்கும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பேன். நான் பார்த்ததைத்தான் பார்த்தேன்.

ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். ஜார்ஜியாவின் வடக்கு மலையில், ஸ்வான் ஜனங்கள் இருக்கிற ஒரு பள்ளத்தாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிச்சறுக்குக்காக எங்கள் மலைக்கு வருகிறவர்களே கொஞ்சம். பெரிய இடங்களுக்குப் போய்க் கூட்டத்தில் இடிபட்டு அலுத்துப்போனவர்கள் மட்டும் எப்படியோ எங்களைக் கண்டுபிடித்து வருவார்கள். பெயரைச் சொல்லி அவர்களையும் விரட்டிவிட்டால் என் கொழுந்தன் என்னைச் சும்மா விடமாட்டான்.

கொழுந்தன் தாதாஷ்தான் லிஃப்டை நடத்துகிறவன். பெட்டி மாதிரி லிஃப்ட் இல்லை. மலை உச்சி வரைக்கும் ஒரு தடித்த கம்பிவடம், அதில் தொங்கும் தொண்ணூற்றாறு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் உட்காரலாம். முதுகில் எண் எழுதியிருக்கும். வடம் சுற்றிக்கொண்டே இருக்கும். பதினைந்து விநாடிக்கு ஒரு நாற்காலி கீழே வந்து, பெரிய சக்கரத்தைச் சுற்றி, மறுபடி மேலே போகும். ஒரு வழிக்குப் பன்னிரண்டு நிமிஷம். கீழ் நிலையத்தில் நான். மேல் நிலையத்தில் பிமுர்ஸா அண்ணன். இரண்டுக்கும் நடுவே ஒரு போன்.

சாயங்காலம் மூடும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆளை உட்கார வைத்து அனுப்பிய பிறகு, அடுத்த நாற்காலியில் பிமுர்ஸா அண்ணன் ஒரு துடைப்பத்தைக் கட்டி அனுப்புவார். துடைப்பம் கீழே வந்துவிட்டால் வடத்தில் யாரும் இல்லை என்று அர்த்தம். நான் சிவப்புப் பொத்தானை அழுத்துவேன். இருபது வருஷமாக அந்தத் துடைப்பம் பொய் சொன்னதில்லை.

ஜனவரி 18 மட்டும் எங்களுக்கு வேறு மாதிரி நாள். லிபானலி என்போம். செத்துப்போன சொந்தக்காரர்கள் அன்றைக்குப் பொழுது சாயும்போது மலையிலிருந்து இறங்கி அவரவர் வீட்டுக்கு வருவார்கள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சில நாள் தங்குவார்கள். மேஜை நிறையச் சூடாகச் சாப்பாடு வைப்போம். வீட்டுக்குப் பொறுப்பானவர் வாசலில் நின்று 'வாங்க' என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் உள்ளே வரமாட்டார்கள். ரோஷக்காரர்கள். என் வீட்டில் கூப்பிடுகிறவள் நான்தான். என் வீட்டுக்காரர் சோசார் இதே மலையில் மலைக்காவல் வேலை பார்த்தவர். பிப்ரவரி மாதப் பனிச்சரிவில் போனார். பனி உருகி மே மாதம்தான் கிடைத்தார்.

அதனால் 18-ஆம் தேதி லிஃப்ட் மூன்று மணிக்கே நின்றுவிடும். இறங்கி வருகிறவர்களுக்குக் குறுக்கே நாம் நிற்கக் கூடாது. நாலு வருஷத்துக்கு முன்னால் அதை மீறினோம்.

மணி 3:05. பொத்தானில் கை வைக்கப் போனேன். தாதாஷ் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அண்ணி, அண்ணி! நிறுத்தாதீங்க. ஒரே ஒரு நடை."

"இன்னைக்கு என்ன தேதின்னு தெரியுமாடா உனக்கு?"

"தெரியும் அண்ணி. வானத்தைப் பாருங்க. மூணு நாளா மூடிக் கிடந்தது இப்பத்தான் தொறந்திருக்கு. அந்தப் போலந்துப் பொம்பளை நாளைக்குக் காலையில கிளம்புறா. மேல போகாமலே போனா என்னத்த எழுதுவா? சாப்பாடு நல்லாருந்துச்சுன்னா?"

போலந்துக்காரியின் பெயர் கிங்கா. யாருக்கும் தெரியாத பனிச்சறுக்கு இடங்களைத் தேடித் தேடிப் போய்ப் பத்திரிகையில் எழுதுகிறவள். எங்களைப் பற்றி நாலு வரி எழுதினால் அடுத்த வருஷம் பிழைத்துக்கொள்வோம் என்று ஊரே அவளைத் தாங்கியது. தங்கியது என் வீட்டில். வழிகாட்டி என் மகள் தியோனா. இருபத்திரண்டு வயது. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

"வர்ற பெரியவங்க கேட்டா என்ன பதில் சொல்லுவ?" என்றேன்.

"அவங்களுக்கும் ஊருக்கு நாலு டூரிஸ்ட் வந்தா சந்தோஷம்தானே!" என்று பல்லைக் காட்டினான்.

தியோனா சறுக்குப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "அம்மா, ரெண்டு போட்டோ. அப்படியே சறுக்கி இறங்கிடுவோம். நாலு மணிக்கு நான் வீட்டுல மாவு பிசைஞ்சிட்டு இருப்பேன், பாரு."

நான் சரி என்றேன். யாரையும் குறை சொல்லவில்லை. சரி என்றது நான்தான்.

3:12-க்கு இருவரும் ஏறினார்கள். தியோனா திரும்பிப் பார்த்து நாக்கைத் துருத்தினாள்.

மணி 4:02. மூடுபனி இறங்கியது. படிப்படியாக இல்லை. கதவைச் சாத்தின மாதிரி. மூன்றாவது கம்பம் வரைக்கும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு மேலே வெள்ளை. நாற்காலிகள் அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன.

4:06-க்குப் போன் அடித்தது.

"தங்கச்சி, இங்க என் கையே எனக்குத் தெரியல," என்றார் பிமுர்ஸா அண்ணன். "உன் பொண்ணு முகட்டுலேர்ந்து சத்தம் குடுத்துச்சு. சறுக்க முடியாதாம். இங்க நடந்து வருதுங்க. லிஃப்ட்லயே அனுப்பிடுறேன்."

"சீக்கிரம் அண்ணே. 5:15-க்குக் கரண்ட் போயிடும்."

அந்த வாரம் முழுக்க அப்படித்தான். எங்கேயோ லைன் வேலை. மாற்றுக்கு வைத்திருந்த டீசல் எஞ்சின் டிசம்பரிலேயே உயிரை விட்டிருந்தது. கரண்ட் போனால் லிஃப்ட் நின்ற இடத்தில் நிற்கும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது டிகிரி. மேலே காற்றும் சேர்ந்து அடிக்கும். இரவு முழுக்க நாற்காலியில் தொங்கினால் காலையில் இறக்க வேண்டியது பிணத்தைத்தான்.

"எனக்கும்தான் அவசரம்," என்றார். "நான் போய் வாசல்ல நின்னாத்தான் எங்கப்பா உள்ள வருவாரு. நான் போகலைன்னா கூட வர்ற எங்கம்மாவும் சேர்ந்து திட்டும்."

சிரித்தோம். அதுதான் அன்றைக்கு நான் சிரித்த கடைசிச் சிரிப்பு.

மணி 4:24.

என் அறைக்குப் பக்கத்தில் ஒரு குழி உண்டு. அதில் வீட்டு அளவுக்கு ஒரு கான்கிரீட் கட்டி தொங்கும். வடத்தை இறுக்கிப் பிடித்திருப்பது அதுதான். நாற்காலிகளில் ஆள் ஏற ஏற, எடை கூடக் கூட, அந்தக் கட்டி மேலே வரும். ஆள் குறைந்தால் கீழே போகும். குழிச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. கட்டி அதைத் தொட்டால் உடனே லிஃப்டை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் வடம் சக்கரத்தைவிட்டுக் கழன்றுவிடும். வடத்தில் இருக்கிறவர்கள் கதி அவ்வளவுதான்.

அப்போது வடத்தில் யாரும் இல்லை. கட்டி அடியில் கிடக்க வேண்டும்.

அது மேலே வந்துகொண்டிருந்தது.

மெதுவாக. விரல் அளவு. அப்புறம் இன்னொரு விரல் அளவு. கிர்ர்… கிர்ர்… என்று சங்கிலி முனகியது. குளிரில் வடம் சுருங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வடம் சுருங்கினால் இப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும்.

4:31-க்குப் போன்.

"ரெண்டு பேரையும் ஏத்திட்டேன். நாற்காலி 61. பின்னால 62-ல துடைப்பம். நான் கிளம்புறேன்."

"அண்ணே, அதுக்கு முன்னால யாரையாச்சும் ஏத்துனீங்களா?"

"யாரு இருக்கா ஏத்த? நான் உள்ள மூட்டை கட்டிட்டு இருந்தேன். வெளிய வந்தேன், ரெண்டும் குல்லாவை இழுத்துவிட்டுட்டு வந்து உக்காந்துச்சுங்க. உன் பொண்ணு ஒரு வார்த்தை பேசல. என்ன கோவமோ."

என் மகள் பேசாமல் இருந்தாளா? தூக்கத்தில்கூடப் பேசுகிறவள் அவள். கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார். அவர் சாலை வழியாகச் சறுக்கியே வீட்டுக்குப் போய்விடுவார். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த வழி தெரியும் அவருக்கு.

4:36. நாற்காலி 33 வந்தது.

மூன்று நாள் பெய்த பனியில், காலியாக வரும் நாற்காலிகளில் நாலு விரல் உயரத்துக்குப் பனி உப்பியிருக்கும். 32 வரைக்கும் அப்படித்தான் வந்தன. 33-ல் பனி அமுங்கியிருந்தது. இரண்டு பக்கமும். ஆள் உட்கார்ந்தால் எப்படி அமுங்குமோ, அப்படி.

சத்தமும் வேறு. காலி நாற்காலி சக்கரத்தில் ஏறும்போது 'டிங்' என்று துள்ளும். ஆள் இருந்தால் 'டொக்' என்று அழுத்தமாகக் கேட்கும். இருபது வருஷமாகக் கேட்கும் சத்தம் அது. அதில் நான் ஏமாறமாட்டேன்.

33. டொக்.

34. டொக்.

35. டொக்.

யாரும் இல்லை. ஒவ்வொன்றும் கனமாக வந்து, கனமாகச் சுற்றி, கனமாகவே மேலே போயின. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பனிவாசனையோடு வேறு ஒரு வாசனை. பழைய கம்பளி ஈரமானால் வருமே, அது.

தாதாஷ் உள்ளே வந்தான். "என்ன அண்ணி, கட்டி இவ்வளவு மேல இருக்கு?"

"உன் டூரிஸ்ட்டுங்க வந்துட்டாங்கடா."

அவன் நாற்காலிகளைப் பார்த்தான். பிறகு குழியைப் பார்த்தான்.

அதற்கப்புறம் நான் எண்களை மட்டும் பார்த்தேன். 50. 55. 58. 61-ல் என் மகள் இருப்பாள். 61 வந்தால் போதும். அவளைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொள்வேன். பிறகு எது வேண்டுமானாலும் வரட்டும்.

4:43.

நாற்காலி 61.

காலி.

இரண்டு பக்கமும் அமுங்கிய பனி. டொக்.

அடுத்து 62. அதில் துடைப்பம். பிமுர்ஸா அண்ணன் கட்டிய முடிச்சு.

"தியோனா!" என்று கத்தினேன். மூடுபனி என் சத்தத்தை விழுங்கியது.

மேல் நிலையத்துக்குப் போன் போட்டேன். அடித்தது… அடித்தது… எடுக்க ஆள் இல்லை.

"அண்ணி, கட்டி!" தாதாஷ் அலறினான். சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண்தான் இருந்தது. அவன் கை பொத்தானுக்குப் போனது.

"தொட்டன்னா கையை உடைச்சிடுவேன்!"

"வடம் கழண்டா என்ன ஆகும் தெரியுமா? அவ மேல இருந்தா விழுந்து சாவா!"

"நிறுத்துனா? அரை மணியில கரண்ட் போயிடும். தொங்கிக்கிட்டே விறைச்சுச் சாவா!"

"துடைப்பம் வந்தாச்சு அண்ணி! வடத்துல ஆள் இல்லைன்னுதானே அர்த்தம்!"

"ஆள் இல்லையா? அப்ப இந்தக் கட்டியை எவன்டா தூக்குறான்?"

அவன் அழ ஆரம்பித்தான். முப்பத்தெட்டு வயது ஆம்பிளை.

4:45. கோட்டுக்கு நாலு விரல்.

எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. ஆனால் ஒன்று தோன்றியது. இவர்கள் ஏன் இறங்கவில்லை? வீட்டுக்கு வந்தவர்கள், வாசல் வரைக்கும் வந்தவர்கள், ஏன் இறங்காமல் மறுபடி மேலே போகிறார்கள்?

யாரும் 'வாங்க' என்று சொல்லவில்லை.

வெளியே போனேன். இறங்குமிடத்துப் பலகையில் நின்றேன். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. நாற்காலி 72 வந்தது.

"வாங்க," என்றேன். குரல் வரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "வாங்க. அடுப்பு எரியுது. வீட்டுக்குப் போங்க."

பலகை கிறீச்சிட்டது. என் பக்கத்தில்.

நாற்காலி துள்ளியது.

டிங்.

ஏதோ என்னைக் கடந்துபோனது. ஈரக் கம்பளி வாசனை என் முகத்துக்கு மிக அருகில் வந்து விலகியது.

73. "வாங்க. வழி நல்லா இருந்துச்சா? போங்க, காத்திருக்காங்க."

டிங்.

74. டிங்.

கண்ணை மூடிக்கொண்டே சொன்னேன். திறந்தால் எதைப் பார்ப்பேனோ என்று பயம். மூடினால் சத்தம் அதிகமாகக் கேட்டது. காலடிகள். சிறிய காலடிகளும்கூட.

"கட்டி நின்னுடுச்சு அண்ணி…" உள்ளிருந்து தாதாஷ் குரல் கொடுத்தான். பிறகு, "இறங்குது… இறங்குது…"

4:50. தொண்டை கட்டிவிட்டது. ஒவ்வொரு நாற்காலிக்கும் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் மனசுக்குள் ஒன்றுதான். என் பெண்ணைக் கொடுத்துவிடுங்கள். என் பெண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

96.

1.

2.

4:55.

நாற்காலி 14.

குல்லா. சிவப்புக் கையுறை. நீலம் பாரித்த முகம்.

"அம்மா!" என்றாள்.

நான் அவளை இழுத்த இழுப்பில் இருவரும் பலகையில் விழுந்தோம். அவள் முகத்தைத் தடவினேன், காதைத் தடவினேன், கையுறையைக் கழற்றி விரல்களை எண்ணினேன். சூடு இருந்தது. உயிர் இருந்தது. பிறகு ஓங்கி ஒன்று வைத்தேன். அழுதுகொண்டே வைத்தேன்.

"என்னை ஏம்மா அடிக்கிற? இந்தப் பைத்தியத்தைக் கேளு!" தியோனா பக்கத்தில் இறங்கி நின்ற கிங்காவைக் காட்டினாள். "மேல் நிலையத்துல பிமுர்ஸா மாமா இல்ல. லிஃப்ட் பாட்டுக்கு ஓடிட்டிருக்கு. நாற்காலி நாற்காலியா காலியா வருது. நான் உக்காரப் போனா இவ பின்னாலேர்ந்து சட்டையைப் பிடிச்சு இழுக்குறா! ஒரு தடவை இல்ல, முப்பது தடவை! ஒவ்வொரு நாற்காலிக்கும் தலையை ஆட்டி ஆட்டி, 'இடமில்ல, இடமில்ல'ங்கிறா. குளிர்ல மூளை உறைஞ்சு போச்சு போல!"

கிங்கா நடுங்கிக்கொண்டு நின்றாள். நான் குழியைப் பார்த்தேன். கட்டி இன்னும் முழுசாக இறங்கவில்லை.

முதலில் வந்தவர்கள்… 33-லிருந்து 71 வரைக்கும். நான் கூப்பிடாமல் மேலே போனவர்கள். அவர்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

பயமாக இருந்தது. ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. ஆனால் என் பெண்ணைக் கொடுத்திருக்கிறார்களே. நின்றேன். 15 முதல் 32 வரை வெறும் நாற்காலிகள், உப்பிய பனியோடு. 5:00-க்கு 33 வந்தது.

"வாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க. வீட்டுக்குப் போங்க."

டிங்.

"அம்மா, யார்கிட்ட பேசுற?" தியோனாவின் குரல் சின்னதாகிவிட்டது. நான் திரும்பவில்லை. ஒவ்வொரு நாற்காலிக்கும் கடைசியாக ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். "சோசார், நீங்க இருந்தா நீங்களும் வாங்க."

அந்தப் பத்து நிமிஷத்தில் ஒன்றை ஓரக்கண்ணால் பார்த்தேன். வெறும் பலகையில் கிங்கா ஒதுங்கி ஒதுங்கி நின்றாள். யாருக்கோ வழி விடுகிற மாதிரி. ஒரு தடவை லேசாகத் தலையசைத்துப் புன்னகை செய்தாள். யாரோ வணக்கம் சொன்ன மாதிரி.

5:10. நாற்காலி 71. டிங். கட்டி அடியில் போய் உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தினேன். 5:15-க்குக் கரண்ட் போனது.

பிமுர்ஸா அண்ணனுக்கு மறுநாள்தான் சொன்னோம். யாரை வரவேற்க வீட்டுக்கு ஓடினாரோ, அவர்களையே என் பெண்ணும் கிங்காவும் என்று நினைத்து நாற்காலி 61-ல் ஏற்றியிருக்கிறார். அவர் அதற்கப்புறம் மேல் நிலையத்துக்குப் போகவே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து வாசலில் நின்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். உள்ளே வந்து சாப்பாடு வைத்தேன். இறைச்சி ரொட்டி, சூடான பீன்ஸ், அவருக்கு ஒரு கிண்ணம் ராக்கிச் சாராயம். மெழுகுவத்தி வெளிச்சம். மணி 6:40. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

கிங்கா அப்போதுதான் பேசினாள். அவள் ரஷ்ய மொழியில் சொல்ல, எனக்கு ரஷ்ய மொழி அவ்வளவாக வராது என்பதால், தியோனா எனக்குச் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள்.

"உங்க ஊர்ல சாயங்காலம் இவ்வளவு கூட்டம் இருக்கும்னு நினைக்கலையாம். எல்லா நாற்காலியிலயும் ரெண்டு ரெண்டு பேராம்."

"ம்."

"கடைசியா ஒரு ஆள் மட்டும் தனியா வந்தானாம். பக்கத்துல இடம் காலியாம். என்னை அதுல உக்காரச் சொல்லித் தள்ளுனாளாம். நான் மட்டுமாவது கீழ போகட்டும்னு. ஆமாம்மா, அந்த ஒரு தடவை மட்டும் இழுக்காம தள்ளுனா."

என் கையில் இருந்த கரண்டி நின்றது.

"அந்த ஆள் விடலையாம். காலி இடத்து மேல கையை வச்சு மறைச்சுக்கிட்டானாம். என்னைப் பார்த்து வேண்டாம் வேண்டாம்னு தலையாட்டுனானாம். அப்புறம் அவனே எழுந்து, நாற்காலியை எங்களுக்கு விட்டுட்டு, மேலயே நின்னுட்டானாம். பாவம், அவன் எப்படி இறங்குனான்னு கேக்குறா."

"எப்படி இருந்தானாம்?"

தியோனா கேட்டாள். கிங்கா சொன்னாள்.

"தாடியாம். மலைக்காவல்காரங்க போடுற பழைய சிவப்புக் கோட்டாம். ஒரு கால்ல பூட்ஸ் இல்லையாம், வெறும் பச்சை சாக்ஸாம். அதுதான் அவளுக்குப் பாவமா இருந்துச்சாம்."

மே மாதம் அவர் கிடைத்தபோது இடது கால் பூட்ஸ் கிடைக்கவில்லை. கண்டெடுத்தவர்களைத் தவிர அதை யாரும் பார்க்கவில்லை. குளிப்பாட்டியது நான். பெட்டியை மூடச் சொன்னது நான். பச்சை சாக்ஸ் பின்னியதும் நான். என் பெண்ணுக்குக்கூட நான் சொன்னதில்லை.

மேஜையில் அவருடைய தட்டு இருந்தது. ஆவி அடங்கியிருந்தது.

அவர் வரவில்லை. ஊரில் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டார்கள். என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. மகளை இறக்கிவிட்டு மேலேயே நின்றுவிட்டார்.

வாய்விட்டு அழ வேண்டும் போல் இருந்தது. நன்றி சொல்ல வேண்டும் போலவும் இருந்தது. அப்போது கிங்கா இன்னொன்று கேட்டாள். தியோனா அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா."

"சொல்லு."

"அந்த ஆள்… காலி இடத்து மேல கையை வச்சுக்கிட்டு… ஒரே வார்த்தையை ரெண்டு தடவை சொன்னானாம். உங்க பாஷையில அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்குறா."

"என்ன வார்த்தை?"

கிங்காவே சொன்னாள். மூன்று நாளாக என் வீட்டில் சாப்பிட்டவள், என்னை 'தியோனாவின் அம்மா' என்று மட்டும் அறிந்தவள், மெதுவாக, எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

"மக்வாலா."

அது என் பெயர்.

கொழுந்தனுக்கு நான் அண்ணி. பிமுர்ஸாவுக்குத் தங்கச்சி. அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவர் ஒருவர்தான்.

கிங்கா மறுநாள் போனாள். வசந்தகாலத்தில் அவள் எழுதியது வந்தது. பனி அருமை, சாப்பாடு அருமை, தங்களுக்கு இடம் இல்லாவிட்டாலும் எழுந்து இடம் கொடுக்கிற ஜனங்கள் என்று எழுதியிருந்தாள். கூட்டம் வர ஆரம்பித்தது. போன மாதம் தாதாஷ் புது லிஃப்ட் போட்டுவிட்டான். திறப்பு விழாவுக்கு முதல் நாற்காலியில் நான்தான் உட்கார வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

"ஒரே ஒரு தடவை அண்ணி. மேல போய் ஒரு சுத்து, இறங்கி வந்துடலாம்."

முழங்கால் வலி என்று சொல்லியிருக்கிறேன். உயரம் என்றால் அண்ணிக்குப் பயம் என்று ஊரில் கேலி செய்கிறார்கள். செய்துகொள்ளட்டும். நாலு வருஷமாக லிபானலியன்று வாசலில் நின்று அவரைக் கூப்பிடுகிறேன். ஒரு தடவைகூட அவர் வரவில்லை. ஆசையாகத்தான் இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

நான் மேலே போகிற வரைக்கும் அவர் இறங்கமாட்டார்.